உயிரியலில் மார்க் ஏறவில்லையா? புத்தகத்தை மூடிப் பாருங்கள்

பொதுத்தேர்வு நெருங்கினால் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், புள்ள ராப்பகலா படிக்குது, உயிரியல்ல மட்டும் மார்க் வரமாட்டேங்குது." பிளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பிள்ளைகளிடம் உழைப்புக்குக் குறைவே இல்லை. படிக்கும் முறைதான் காலை வாரிவிடுகிறது.

அவர்கள் பாடநூலைத் திறந்தால் பக்கம் முழுக்க ஹைலைட்டர் கோடு. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும், பழகியதெல்லாம் தெரிந்த மாதிரியே தோன்றும். ஒரு பகுதியைப் புரிந்து படித்ததும் புத்தகத்தை மூடிவிடுங்கள். வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள், படம் வரைந்து பாகங்களைக் குறியுங்கள். பேனா எங்கே நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் பாருங்கள். சில நாள் விட்டு மறுபடி எழுதுங்கள். சிரமமாகத்தான் இருக்கும், ஆனால் நினைவைத் துழாவி எடுக்கும் அந்தச் சிரமத்தில்தான் பாடம் பதிகிறது.

அப்புறம், பாடங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் படிக்க வேண்டும். கதிர் அரிவாள் இரத்தசோகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஏஜி என்ற கோடான், அதாவது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடு, ஜியுஜி ஆகிறது. ஒரே ஓர் எழுத்துதான் மாறுகிறது. அதனால் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வாலைன் என்ற இன்னொன்று வந்து உட்காருகிறது. ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, சிவப்பணு அரிவாள் வடிவில் வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கிறது. தாயும் தந்தையும் கடத்திகள் (மாறிய மரபணு ஒரு பிரதி மட்டும் உள்ளவர்கள்) என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு, கடத்தியாக 50 சதவீத வாய்ப்பு. கடத்திகளைக் கடும் மலேரியா அவ்வளவு எளிதில் தாக்குவதில்லை. மலேரியா பரவிய இடங்களில் இந்த மரபணு நிலைத்ததற்கு அதுவே காரணம். மூலக்கூறு மரபியல், மரபுக்கடத்தல், நோய்கள், பரிணாமம் எல்லாம் ஒரே தாளில் வந்துவிட்டன, பாருங்கள்.

நீலகிரியில் இது வெறும் பாடம் இல்லை. பணியர், இருளர், குறும்பர் பழங்குடி மக்களிடையே இந்த நோய் இருக்கிறது, அந்த வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். கடத்தி என்றால் நோயாளி என்று பொருளில்லை என்பதை நான் அழுத்திச் சொல்வேன். இந்த நோயை 2047க்குள் ஒழிக்க 2023 ஜூலையில் தேசிய இயக்கமே தொடங்கியிருக்கிறார்கள். ஊருக்குப் பரிசோதனை முகாம் வந்தால் கூச்சப்படாமல் போய் இரத்தம் கொடுங்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35. பிடித்த பகுதியிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு மற்றதை அரைகுறையாக முடிப்பவர்கள் நிறைய. மாதிரி வினாத்தாளை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதிப் பழகுங்கள். நீட் எழுதுபவர்கள் தெரியாததை ஊகித்து நிரப்ப வேண்டாம், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் குளிரில் விடிகாலை நாலு மணிக்குப் பிள்ளையை எழுப்பி உட்கார வைக்காதீர்கள். படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வது தூக்கத்தில்தான். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்க இடமிருக்காது, யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் மாலை வகுப்புக்கென்று பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திவைக்கவும் முடியாது. அதனால் மதிய இடைவேளையில் படிக்க ஒரு வகுப்பறையை ஒதுக்கித் தரும்படி தலைமையாசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.