காரில் கிடந்த காபி கப்

"அவன் காரில் காபி கப் கிடந்தது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அழ ஆரம்பித்தார். 2018-ல், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நான் குடும்ப ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிது. கஞ்சா கிடந்த மாதிரி அழுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் மதுரை வீட்டில் காபித் தூள் தீர்ந்துபோனால்தான் அழுகை வரும்.

அப்புறம்தான் விளங்கியது. அவர்கள் மார்மன் குடும்பம். சைவ வீட்டுப் பையனின் பையில் பிரியாணிப் பொட்டலத்தைப் பார்த்த தாயின் நிலைமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு படி மேலே.

மார்மன்கள் என்று நாம் சொல்பவர்களின் சபைக்கு முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. 1830-ல் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. மார்மன் என்ற பெயரைத் தவிர்க்கச் சொல்லி 2018-லேயே சபைத் தலைவர் கேட்டுக்கொண்டார். என்னிடம் வரும் இளைஞர்கள் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். மது, புகையிலை, காபி, டீ நான்கும் இங்கே விலக்கு. இதையெல்லாம் கடைப்பிடிக்கிறவருக்குத்தான் டெம்பிளுக்குள், அதாவது முக்கியச் சடங்குகள் நடக்கும் புனித ஆலயத்துக்குள் போக அனுமதிச் சீட்டு. டெம்பிளில் நடக்கும் கல்யாணம் சாவோடு முடிவதில்லை, குடும்பம் மறுமையிலும் சேர்ந்தே இருக்கும் என்பது நம்பிக்கை. இப்போது அந்தக் கப்பைப் பாருங்கள். காபி என்றால் சீட்டு இல்லை, சீட்டு இல்லை என்றால் டெம்பிள் இல்லை, டெம்பிள் இல்லை என்றால் பரலோகத்துச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி காலி. அந்த அம்மா அழுதது காலி நாற்காலிக்காக.

பையனுக்கு வயது 23. (இங்கே நான் சொல்லும் எல்லோருமே பலருடைய கதைகளைக் கலந்து செய்தவர்கள். அடையாளம் தேட வேண்டாம்.) "அம்மா என்னைப் பார்த்துப் பேசுவதில்லை, என் ஆத்மாவைப் பார்த்துத்தான் பேசுகிறார்" என்றான்.

இந்த வீடு மட்டுமல்ல. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் கணக்கில், இந்தச் சபையில் வளர்ந்து பெரியவர்களானவர்களில் இன்னமும் தங்களை இச்சபையினர் என்று சொல்லிக்கொள்பவர்கள் 2007-ல் நூற்றுக்கு 70 பேர். 2014-ல் 64. 2023-24 கணக்கெடுப்பில் 54. உலகம் முழுக்க உறுப்பினர் எண்ணிக்கை 1 கோடியே 70 லட்சத்தைத் தாண்டிவிட்டதே என்று சபைக்காரர்கள் கேட்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் என் அறைக்கு வருகிற தகப்பனுக்கு உலகக் கணக்கு எதற்கு?

சோம்பேறித்தனம், குடிக்க ஆசை, யாரோ மனதைக் கலைத்துவிட்டார்கள் என்று பெற்றோர் காரணம் தேடுவார்கள். நான் பார்த்தவரையில் நிலைமை நேர்மாறு. தவறாமல் வேதவகுப்புக்குப் போன பிள்ளைகள், மிஷன் என்ற மதப் பிரசாரப் பயணத்தை முடித்தவர்கள், வார்டில் (உள்ளூர்ச் சபையில்) பொறுப்பில் இருந்தவர்கள் இவர்கள். அக்கறை இல்லாதவனுக்கு ஆலோசகர் தேவைப்படுவதில்லை.

இங்கே ஒரு சொல்வழக்கு உண்டு. பதில் கிடைக்காத சந்தேகத்தை 'அலமாரியில் வைத்திருக்கிறேன்' என்பார்கள். பாரம் தாங்காத நாளில் 'என் அலமாரி உடைந்துவிட்டது' என்பார்கள். நாமாக இருந்தால் பரண் என்று சொல்லியிருப்போம். அதில் என்னென்ன கிடக்கிறது? 1978 வரை கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் (சடங்குகளை நடத்தும் தகுதி) மறுக்கப்பட்டது. ஜோசப் ஸ்மித்துக்குப் பல மனைவியர், அதில் ஒருவருக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை என்பதைச் சபையே 2014-ல் தன் இணையதளத்தில் கட்டுரையாக ஒப்புக்கொண்டது. விரோதிகளின் பொய் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, அதைச் சபையின் பக்கத்திலேயே படித்தால் என்ன ஆகும்?

ஆனால் நான் அதிகம் கேட்பது வரலாற்றைப் பற்றி இல்லை, ஒரே பாலின ஈர்ப்புள்ள நண்பர்களைப் பற்றி. ஒரே பாலினத் தம்பதியரிடம் வளரும் பிள்ளைகளுக்கு 18 வயதாகும்வரை ஞானஸ்நானம் கிடையாது என்று 2015 நவம்பரில் ஒரு விதி வந்தது. தேவ வெளிப்பாடு என்று சொல்லப்பட்டது. 2019 ஏப்ரலில் அதே விதி விலக்கிக்கொள்ளப்பட்டது, அதுவும் தேவ சித்தம் என்றே. பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். "அப்படியானால் முதலில் சொன்னது யார்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஒரே செய்தி, ஒரே வீடு, இரண்டு விதமாக இறங்கியது.

சரி, விலகுபவர்களை மட்டும் பேசுவது நியாயமில்லை. தங்கிவிட்டவர்களும் தாத்தா காலத்து மாதிரி இல்லை. ஞாயிறு ஆராதனை 2019-ல் மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது அவர்களுக்குக் கொண்டாட்டம். கோலாவில் தேங்காய் சிரப்பும் க்ரீமும் கலந்து வாளி மாதிரி கப்பில் தரும் சோடா கடைகளில் மாலையில் இடம் கிடைக்காது. காபிதான் கூடாது, கஃபீனுக்குத் தடை இல்லையாம். நான் என் ஃப்ளாஸ்க் டீயை மறைத்து வைத்துக்கொண்டு இதை வேடிக்கை பார்க்கிறேன்.

யூட்டாவின் லீஹை நகரத்துப் பக்கம் ஐடி வேலைக்கு வரும் நம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்று: "பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு வருட மிஷன் போனான், ஆறு மாதத்திலேயே வந்துவிட்டான், வெளியே தலைகாட்டுவதே இல்லை. என்ன ஆச்சு?" இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2012 அக்டோபரில் ஆண்கள் மிஷன் போகும் வயது 19-லிருந்து 18 ஆனது, பெண்களுக்கு 21-லிருந்து 19. பள்ளி முடித்த கையோடு, தனியாகத் துணி துவைத்துப் பழகாத பிள்ளை, தெரியாத நாட்டில் கதவு கதவாகத் தட்டுகிறது. முடித்து வருகிறவருக்கு சால்ட் லேக் விமான நிலையத்தில் பலூன், பேனர், பாட்டி, தாத்தா எல்லாம் காத்திருக்கும். பாதியில் திரும்புகிறவரும் அதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அம்மா மட்டும் நின்றிருப்பார். "வார்டில் எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள். அதுதான் தாங்கவில்லை" என்றாள் ஒரு பெண்.

அப்படித் திரும்பியவர்களில் சிலருக்கு இருந்தது விசுவாசக் குறைவே இல்லை. பாவ அச்சமாக வடிவெடுத்த ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் செயலும் விடாமல் துரத்தும் மனநோய். ஜெபம் 'சரியாக' அமையும்வரை திரும்பத் திரும்பச் சொல்வது, ஒரே சின்னத் தவறை வார்டின் தலைவரான பிஷப்பிடம் ஐந்தாவது முறையாக அறிக்கையிடுவது, தகுதியில்லை என்று தானே முடிவுசெய்து ஆராதனையில் தரும் அப்பத்தைக் கையில் வாங்காமல் விடுவது. அறிக்கையிட்டதும் நிம்மதி வரும், ஒரு மணி நேரம் நிற்காது. வீட்டில் "எங்கள் பிள்ளைக்கு பக்தி அதிகம்" என்று பெருமையாக வேறு இருந்திருப்பார்கள். ஜெபம் மனதுக்கு அமைதி தருகிறதா, இன்னொரு ஜெபத்துக்குத் துரத்துகிறதா என்று பாருங்கள். துரத்தினால் சிகிச்சை தேவை. சந்தேகத்தோடு உட்காரப் பழக்கி, சடங்கைத் திரும்பச் செய்யாமல் தடுக்கும் முறைக்கு நல்ல பலன் உண்டு. பிள்ளையின் சம்மதத்தோடு பிஷப்பையே அழைத்து, "இதை ஏற்கெனவே கேட்டாயிற்று, இனிக் கேட்கமாட்டேன்" என்று சொல்லவைத்திருக்கிறேன். பெரும்பாலும் மனமார ஒத்துழைக்கிறார்கள். சிகிச்சை முடிந்து இன்னும் உறுதியாகச் சபையில் இருப்பவர்களும் உண்டு, விலகியவர்களும் உண்டு. அதில் எனக்கு வேலையில்லை. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அமெரிக்காவில் எந்த நேரமும் 988-ஐ அழைக்கலாம்.

இன்னொரு கூட்டம் கண்ணுக்கே தெரியாது. சபையின் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே நம்பிக்கை இழந்தவர்கள். சபையை விட்டால் அங்கே படிப்பைத் தொடர அனுமதி போய்விடும். ஆகவே பட்டம் கைக்கு வரும்வரை ஞாயிறுதோறும் போய் உட்காருகிறார்கள். தூக்கமில்லை, வயிற்றுவலி என்று வருவார்கள். உண்மையை யாரிடம் சொல்லலாம் என்று பட்டியல் போடுவதிலேயே எங்கள் முதல் சந்திப்பு கழியும்.

பெற்றோரிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். முதல் பேச்சில் வேதம் எடுக்காதீர்கள். பிஷப்பை அனுப்பாதீர்கள். "எத்தனை நாளாக இதைத் தனியாகச் சுமந்தாய்?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கும் ஒன்று உண்டு: நீங்கள் மூன்று வருடம் படித்துக் கரைந்ததை ஒரே இரவில் குடும்ப குரூப்பில் கொட்டாதீர்கள்.

காபி கப் அம்மாவின் மகளுக்கு 2019 இலையுதிர்காலத்தில் கல்யாணம். முன்பென்றால் அண்ணன் டெம்பிள் வாசலில் நின்றிருப்பான், சீட்டு இல்லாதவர் உள்ளே நடக்கும் கல்யாணத்தைப் பார்க்க முடியாது. வெளியே கல்யாணம் செய்துகொண்டால் டெம்பிளுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை அந்த வருடம் மே மாதம்தான் எடுத்திருந்தார்கள். அப்பா முறைத்தார், மகள் அசையவில்லை. கொல்லைப்புறத்தில் முதல் நாள் கல்யாணம், மறுநாள் டெம்பிள். மோதிரத் தட்டை ஏந்தி நின்றது அண்ணன்.

டெம்பிளின் ஜெபப் பட்டியலில் அந்த அம்மா இன்னமும் மகன் பெயரை எழுதிப் போடுகிறார். அவனுக்கும் தெரியும். "போட்டுக்கொள்ளட்டும். என்னிடம் சொல்லாமல் இருந்தால் போதும்" என்றான். அதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி என்றார்.