புறாத்தீவு நுழைவுச்சீட்டு எதற்கான அனுமதி?

திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரையிலிருந்து புறாத்தீவுக்குப் போகிறவர் இரண்டு இடங்களில் பணம் கட்டுகிறார். ஒன்று வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் சீட்டுக் கருமபீடம், மற்றது படகு. படகுக்குக் கொடுப்பது பயணக் கூலி. திணைக்களத்துக்குக் கொடுப்பதையும் பலர் தீவுக்கான ஒருநாள் வாடகை என்றே எண்ணிவிடுகிறார்கள். காசு கட்டியாயிற்று, இனி நம் விருப்பம் என்ற நினைப்பு அங்கேதான் தொடங்குகிறது. சட்டப்படி அந்தச் சீட்டு நிபந்தனைகளோடு தரப்படும் ஓர் அனுமதி மட்டுமே. எதற்கான அனுமதி என்பதை விளங்கிக்கொள்ள, புறாமலை என்றும் நாம் அழைக்கும் இந்த இடம் எந்த வகைப் பாதுகாப்பில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இத்தீவு 1963இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் இருக்கும் சோபர் தீவுகளும் அதே ஆண்டில்தான் சரணாலயங்களாயின. ஆனால் புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 471 ஹெக்டேயர்; பெரிய தீவின் நீளமோ சுமார் 200 மீற்றர்தான் என்பதால், பூங்காவின் பெரும்பகுதி கடல் என்பது புரியும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பாதுகாக்கப்பட்ட இடங்களைப் பல வகையாகப் பிரிக்கிறது. ரிட்டிகல போன்ற கடும் இயற்கை ஒதுக்கிடத்தில் ஆய்வாளர்களையும் கடமையிலுள்ள அலுவலர்களையும் தவிர வேறெவருக்கும் இடமில்லை. சரணாலயத்தின் எல்லைக்குள் தனியார் காணிகளும் இருக்கலாம்; மக்கள் அங்கே குடியிருந்து தொழிலும் செய்யலாம். தேசியப் பூங்கா இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது முழுவதும் அரச உடைமை. ஆயினும் அங்குள்ள உயிரினங்களைப் பார்ப்பதற்காகப் பொதுமக்கள் அனுமதி பெற்று உள்ளே போகலாம். பார்ப்பதற்காக என்பதே இங்கு முக்கியமான சொல்.

ஆகவே பூங்காவுக்குள் எந்த விலங்கையும் பிடிப்பதும், துன்புறுத்துவதும், முட்டைகளையும் கூடுகளையும் எடுப்பதும், செடிகொடிகளைச் சேதப்படுத்துவதும், தீ மூட்டுவதும் குற்றங்கள். காட்டுக்குள் இருக்கும் பூங்காவில் இவற்றை மீறுவதற்குத் துணிந்து இறங்க வேண்டும். புறாத்தீவிலோ ஒன்றும் அறியாமலே மீறிவிடலாம். அங்கே முருகைக்கற்பாறைகள், அதாவது பவளப்பாறைகள், கரையை ஒட்டி, சில இடங்களில் முழங்காலளவு நீருக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன. ஏறத்தாழ 100 வகை முருகைகளும் 300 வகை மீன்களும் இங்கே பதிவாகியிருக்கின்றன. முகமூடியில் தண்ணீர் புகுந்தவுடன் நீந்தத் தெரியாதவர் செய்வது ஒன்றுதான்: காலூன்றி நிற்பது. அவர் நிற்கும் கல் உயிருள்ளது. பாறைபோல் திரண்டு வளரும் முருகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றரளவே வளரும் என்பதால், ஒரு காலடியில் உடைவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். ஆழமில்லாத நீரில் திரியும், செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் ஆளைக் கண்டால் விலகிப் போகிறவை. படம் எடுப்பதற்காக அவற்றைத் துரத்துவதும், ஆமையைத் தொடுவதும் துன்புறுத்தல்தான். கரையில் வெண்மையாகக் குவிந்து கிடக்கும் உடைந்த முருகைத் துண்டுகளைப் பொறுக்கிவருவதில் என்ன பிழை என்று கேட்பவர்களும் உண்டு. செத்த துண்டானாலும் அது பூங்காவுக்கு உரியது. வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைப்பதற்கு உரியதன்று.

கட்டணம் உள்நாட்டவருக்குக் குறைவு, வெளிநாட்டவருக்குக் கூடுதல்; அது காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதால் தொகையை அன்றைக்குக் கருமபீடத்தில் கேட்பதே சரி. தேசிய அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் நம் உறவினர்களுக்குப் பொதுவாக வெளிநாட்டவர் கட்டணமே விதிக்கப்படும். தமிழில் எவ்வளவு வாதாடியும் பயனில்லை.

வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருப்பதால், வருகைகள் பெரும்பாலும் மே முதல் ஒக்ரோபர் வரையிலான மாதங்களில் நெருக்கியடிக்கின்றன. அதிலும் பாடசாலை விடுமுறை நாட்களில், அதே சிறு கரையில் அதே காலை நேரத்தில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. அனுமதி கொடுக்கும் இடத்துக்கு அதன் எண்ணிக்கையையும் நேரத்தையும் வரையறுக்கும் வழியும் உண்டு. ஆண்டு முழுவதற்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் நீருக்குள் நிற்கிறார்கள் என்பதே பாறைக்கு முக்கியம் என்பது என் கருத்து. வருகையை நாள் முழுவதும் பரவவிட்டால் எவரையும் திருப்பி அனுப்பாமலே சுமையைக் குறைக்கலாம். இதனால் படகுக்காரரின் வருமானமும் கெடாது.

படகுக்காரரை இங்கே மறக்க முடியாது. பூங்கா எல்லைக்குள் மீன்பிடிக்க முடியாது என்பதால் இந்தக் கரையின் கடற்றொழிலாளர் இழந்தது உண்டு. சுற்றுலாப் படகோட்டம் அதில் ஒரு பங்கை ஈடுசெய்கிறது. நங்கூரத்தை முருகைக்கு மேல் போடாமல் மணலிலோ மிதவையிலோ கட்டுவதும், இறங்குமுன் பயணிக்கு இரண்டு வார்த்தை சொல்வதும் அவர்களால் ஆகக்கூடியவை. எந்த அறிவிப்புப் பலகையையும்விட அந்த இரண்டு வார்த்தைக்குப் பலன் அதிகம்.

பலரும் அறியாத விதி ஒன்று கரையைப் பற்றியது. தேசியப் பூங்காவின் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள், அரசானாலும் தனியாரானாலும், எந்த அபிவிருத்தி வேலையையும் வனஜீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல முன்னனுமதி இல்லாமல் செய்யக்கூடாது என்று மேற்சொன்ன கட்டளைச்சட்டத்தின் 9அ பிரிவு கூறுகிறது. ஒரு மைல் என்பது 1.6 கிலோமீற்றர், தீவோ கரையிலிருந்து ஒரு கிலோமீற்றரளவில் இருக்கிறது. ஆகவே தீவுக்கு நேரெதிரே கடலோரத்தில் எழும் விடுதி இந்த விதிக்குள் வருகிறது. விடுதியின் கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்வி பாறையைப் பொறுத்தவரை சுற்றுலாப் பயணியின் காலடியைவிடச் சிறியதன்று. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் திட்டமாயின், அவ்வறிக்கை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அக்காலத்துக்குள் எவரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம்.

குறித்த கட்டடத்துக்கு அந்த முன்னனுமதி கிடைத்ததா என்று அறிய விரும்பும் பிரசை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.