வேகத்தை குறைச்சாதான் நல்லா நசுங்கும்

அணுக்கருவோட அடர்த்தியில ஒரு கன சென்டிமீட்டர் சரக்கு இருந்தா அது 20 கோடி டன்னுக்கு மேல கனக்கும். அதையே இன்னும் ரெண்டு மூணு மடங்கு நசுக்கினா என்ன ஆகும்? நியூட்ரான் நட்சத்திரத்தோட வயித்துக்குள்ள அப்படித்தான் இருக்கு, ஆனா அங்க போய் தோண்டிப் பாக்க முடியாதுல்ல, அதான் கனமான கருக்களை இங்கயே மோத விட்டுப் பாக்குறாங்க.

வேகமா மோதினா ஜாஸ்தி நசுங்கும்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். அப்படி இல்ல. ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆராய்ச்சி மையத்துல இருக்கிற எல்ஹெச்சிங்கிற பெரிய மோதல் மெஷின்ல 2010லேர்ந்து ஈயக் கருக்களை மோத விடுறாங்க, அந்த வேகத்துல கருவுல இருந்த புரோட்டான் நியூட்ரான்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து அந்தப் பக்கம் போயிடுது, நடுவுல மிஞ்சுறது அதுங்க கொட்டிட்டுப் போன எனர்ஜி மட்டும்தான். அதுலேர்ந்து பொருளும் எதிர்ப்பொருளும் சோடி சோடியா பொறக்கும், நடுவுலேர்ந்து வர்ற புரோட்டானையும் ஆன்டி புரோட்டானையும் எண்ணிப் பாத்தா கிட்டத்தட்ட சரிசமம். லட்சம் கோடி டிகிரி கணக்குல சூடு, புரோட்டான் நியூட்ரானுக்கு உள்ள இருக்கிற குவார்க்கும், அதை ஒட்ட வைக்கிற குளுவானும் கலந்து ஓடுற ஒரு திரவம். பிக் பேங் முடிஞ்ச சில மைக்ரோசெகண்ட்ல உலகமே இப்படித்தான் இருந்துச்சுங்கிறாங்க, சரி, ஆனா நமக்கு வேண்டியது இது இல்லையே.

வேகத்தை குறைச்சா கருவுல ஏற்கனவே இருந்த புரோட்டான் நியூட்ரான்லாம் தாண்டிப் போக முடியாம நடுவுலயே மாட்டிக்கும், அப்பதான் நிஜமான நெரிசல். அமெரிக்காவுல ப்ரூக்ஹேவன் லேப்ல ரிக்னு ஒரு மெஷின், தங்கக் கருக்களை எதிரெதிரா விட்டு 200 ஜிஇவி (இது மோதல் எனர்ஜியோட அளவு) வரைக்கும் மோத விட்டது, அங்கயே எனர்ஜியை படிப்படியா இறக்கிப் பாத்தாங்க. ரொம்ப கீழ போனா ரெண்டு பீமையும், அதாவது எதிரெதிரா பாயுற கருக் கற்றைகளை, மோத வைக்கிறது பெரும்பாடு, அதனால 2018ல அங்க ஸ்டார்ங்கிற டிடெக்டரை நடத்துற டீம் பீம் குழாய்க்குள்ளயே கால் மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு தங்கத் தகடை வெச்சு, ஒரே ஒரு பீமோட ஓரம் மட்டும் அதுல உரசுற மாதிரி பண்ணாங்க. 3 ஜிஇவி, அவ்வளவுதான். எனக்கு இதுலயே புடிச்ச ஐடியா இதுதான்.

ரெண்டு கருவும் கொஞ்சம் விலகி மோதினா நடுவுல பாதாம் பருப்பு ஷேப்ல ஒரு பகுதி உருவாகும். எனர்ஜி ஜாஸ்தின்னா மோதாத மிச்சப் பகுதிங்க ரெண்டும் சட்டுனு விலகிடும், சரக்கு அந்த பாதாமோட குறுகலான பக்கமா பாயும். 3 ஜிஇவில அதுங்க மெதுவா நகர்றதால பக்கவாட்டுல சுவர் மாதிரி அடைச்சுக்கிட்டு நிக்குது, நசுங்கின சரக்கு வேற வழியில்லாம மேலயும் கீழயும் பிதுங்குது. அதோட, ஒரு துகள்ல எத்தனை குவார்க் இருக்கோ அதுக்கு ஏத்த அளவுக்கு அது பாயும்னு அதிக எனர்ஜியில வேலை செஞ்ச கணக்கு இங்க ஒத்தே வரலை, அதாவது இங்க குவார்க் திரவம் மேலோங்கி இல்ல, புரோட்டானும் நியூட்ரானும்தான் முட்டி மோதிக்கிட்டு இருக்கு. (நட்சத்திரத்தோட ஒப்பிட்டா இதுவும் ரொம்ப சூடுதான், அது வேற விஷயம்.)

அப்போ 3க்கும் 200க்கும் நடுவுல எங்கேயோ இந்த புரோட்டான் நியூட்ரான் கூட்டம் குவார்க் திரவமா மாறுது, அந்த மாற்றம் நைசா நடக்குதா இல்ல தண்ணி கொதிக்கிற மாதிரி டக்குனு நடக்குதாங்கிறதுதான் இப்போ எல்லாரும் தேடுற கேள்வி. ஜெர்மனியில டார்ம்ஸ்டாட்ல கட்டிட்டு இருக்கிற ஃபேர்ங்கிற ஆராய்ச்சி மையத்துல, இந்த நெரிசலை ஆராயப் போற சிபிஎம்ங்கிற டிடெக்டர் செகண்டுக்கு 1 கோடி மோதல் வரைக்கும் தாங்கணும்னு பிளான். எதுக்கு இவ்வளவுன்னா, அவங்க குறி வைக்கிறதுல ஒண்ணு எலக்ட்ரான்-பாசிட்ரான் (எலக்ட்ரானோட எதிர்ப்பொருள்) சோடி, அது ரொம்ப அபூர்வம். மத்த துகள்லாம் வெளிய வர்றதுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு இடிபட்டு உள்ள என்ன நடந்துச்சுங்கிற தடயத்தை தொலைச்சிடும், இந்த சோடி மட்டும் யார்கிட்டயும் மாட்டாம நேரா வெளிய வந்துடும்.