துணையை இழந்த பூனையை மறுபடி விளையாட வைப்பது எப்படி?

"கூட இருந்த பூனை செத்ததிலிருந்து இது ஒரே இடத்தில் படுத்துக் கிடக்கிறது டாக்டர்" என்று கூடையோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். கடைசியாக எப்போது சாப்பிட்டது? அந்தப் பூனை எதனால் இறந்தது?

பான்லுகோபீனியா மாதிரி தொற்றுநோயில் ஒன்று போயிருந்தால், இதன் சோர்வு துக்கமாக இல்லாமல் அதே நோயின் தொடக்கமாக இருக்கலாம். சாப்பாட்டு விஷயம் இன்னும் அவசரம். சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே பூனையின் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர ஆரம்பிக்கும். குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம். ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளான பிறகு தூக்கிக்கொண்டு வந்தால் சிகிச்சை நீளும், செலவும் கூடும். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் உடனே காட்டிவிடுங்கள். விளையாட்டெல்லாம் அப்புறம்.

பூனைக்குத் துக்கம் உண்டா என்று கேட்பார்கள். 2024இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், கூட வளர்ந்த பிராணியை இழந்த பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் விசாரித்தார்கள். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு குறைவதும், போனதைத் தேடுவது போல அலைவதும் தெரியவந்தது. ஆனால் தாங்களே அதிகம் துக்கப்பட்டவர்கள்தான் பூனையிடமும் அதிக மாற்றத்தைச் சொன்னார்கள். நம் அழுகையைத்தான் அதன் முகத்தில் பார்க்கிறோமோ என்ற சந்தேகம் இருக்கிறது. எனக்கு அந்த விவாதத்தில் பெரிய அக்கறை இல்லை. வீட்டின் வாசனை, தூங்கும் இடம், சண்டை, சாப்பாட்டு முறை எல்லாம் ஒரே நாளில் மாறியிருக்கின்றன. அது நிஜம்.

விளையாட்டு என்றதும் பலரும் மணி வைத்த பந்தை மூஞ்சிக்கு நேரே ஆட்டுகிறார்கள். எந்த எலியும் பூனையின் மூக்குக்கு நேரே வந்து ஆடாது! பீரோவுக்கு மேலேயே கிடந்த ஒரு ஆண் பூனைக்கு, குச்சியின் நுனியில் துணிப்பட்டை கட்டி, விரித்த செய்தித்தாளுக்கு அடியில் மெதுவாக இழுக்கச் சொன்னேன். சரசரப்பு கேட்டதும் முதலில் ஒரு காது மட்டும் திரும்பியது. பிறகு கண்மணி விரிந்தது. அன்றைக்கு இறங்கி வரவில்லை. பரவாயில்லை, பதுங்கிப் பார்ப்பதும் வேட்டையில் பாதி. சில நாளில் அதுவாகவே இறங்கிக் காகிதத்தைக் கிழித்தது.

இரை பூனையை விட்டு விலகி ஓட வேண்டும், நடுவில் நிற்க வேண்டும், மறைய வேண்டும். விடிகாலையும் அந்தி நேரமும் தோதான வேளை. ஐந்து நிமிடம் போதும். கடைசியில் பிடிக்க விட்டு, உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். லேசர் விளக்கில் பிடிக்க ஒன்றுமே இல்லை என்பதால் எனக்கு அது பிடிக்காது. முடிந்ததும் நூல் வகையெல்லாம் அலமாரிக்குள் போக வேண்டும். பூ கட்டிய நூலை விழுங்கிக் குடல் சுருண்ட பூனைக்கு அறுவை சிகிச்சைதான் வழி.

முட்டை அட்டையின் குழிகளில் தீனியைப் போட்டு வைத்தால் தேடித் தின்னும். வலை அடித்த ஜன்னலோரம் ஒரு முக்காலி போட்டால் காக்கை, அணில் பார்த்துப் பொழுது போகும். குப்பைமேனிச் செடியை வேரோடு பிடுங்கி வைத்தால் பல பூனைகள் அதன் மேல் விழுந்து புரளும். கொஞ்ச நேரம் முகரவிட்டு எடுத்துவிடுங்கள், தின்ன விட வேண்டாம். இறந்த பூனையின் விரிப்பை அன்றைக்கே துவைக்காதீர்கள். தொற்றுநோய் இல்லையென்றால் அது சில வாரம் கிடக்கட்டும்.

புதுக் குட்டியை உடனே கொண்டுவருவதை நான் தடுப்பேன். நமக்கு அது ஆறுதல், பூனைக்கு அது தன் எல்லைக்குள் நுழைந்த அந்நியன். இது ஒழுங்காகச் சாப்பிட்டு, பழைய இடங்களில் படுத்து, தானாக விளையாட வந்த பிறகு யோசிக்கலாம்.

சில பூனைகள் துணை போனதும் தெளிந்துவிடுவதும் உண்டு. ஒளிந்தே வாழ்ந்தது முதல்முறையாக நடுக்கூடத்தில் மல்லாந்து தூங்கும். அந்த வீட்டில் இருந்தது துணை இல்லை, ஒரு ரவுடி. அங்கே இரண்டாவது பூனையே வேண்டாம்.