ரேம் மாற்றக் கைராசி வேண்டுமா?

காட்பாடியில் ஒரு கல்லூரியின் சர்வர் அறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் வாசகர் கேட்கிறார்: “நான் ரேம் மாற்றிய இரண்டு சர்வர்களும் ஒரே மாதத்தில் தகராறு செய்தன. ‘உனக்குக் கைராசி இல்லை, இனி தொடாதே’ என்கிறார் சீனியர் அண்ணன். அப்படி ஒன்று இருக்கிறதா சார்?”

இல்லை தம்பி. நிலைமின்சாரம் இருக்கிறது. பலூனைத் தலைமுடியில் தேய்த்துப் பார்த்த அதே பள்ளிப் பாடம்தான். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாலே உடம்பில் சில ஆயிரம் வோல்ட் ஏறிவிடலாம். காற்றில் ஈரம் இருந்தால் அது மெல்லக் கசிந்து போய்விடும். வேலூர் கத்திரி வெயிலில் காற்றே காய்ந்து கிடக்கிறது. மிச்ச ஈரத்தையும் ஏசி பிழிந்து குழாய் வழியே வெளியே சொட்டவிடுகிறது.

உடம்பில் தேங்கும் மின்னூட்டம் சொற்பம் என்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. சுமார் 3000 வோல்ட்டைத் தாண்டினால்தான் விரல் நுனியில் சுருக்கென்று தெரியும். ரேம் என்பது சர்வரின் தற்காலிக நினைவக அட்டை; அதில் பதித்திருக்கும் சிப்பின் கதை வேறு.

சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் என்ற நுண் சுவிட்சு ஒவ்வொன்றிலும் கேட் என்ற மின்வாய்க்கும் கீழுள்ள சிலிக்கானுக்கும் நடுவே ஒரு காப்புப் படலம் உண்டு. அடிப்படையில் அது சிலிக்கான் டை ஆக்சைடு; நம் பாலாற்று மணலில் மின்னுகிற குவார்ட்ஸும் அதே சேர்மம்தான். சாமானியமான காப்பு அல்ல அது. காற்று செ.மீ.க்குச் சுமார் 30,000 வோல்ட்டில் உடைந்து பொறி பறக்கும். இந்தப் படலமோ செ.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கோடி வோல்ட் தாங்கும். காற்றைவிட முந்நூறு மடங்கு! ஆனால் அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு செ.மீ.யில் ஒரு கோடி நானோமீட்டர் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: நானோமீட்டருக்கு ஒரே ஒரு வோல்ட். 5 நானோமீட்டர் படலம் ஐந்தாறு வோல்ட்டிலேயே துளைபட்டுவிடும். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இது தெரிந்துதான் சிப்பின் ஒவ்வொரு இணைப்பு முனைக்கு (பின்) அருகிலும் காவல் டயோடுகளை வைத்து, வரும் மின்னூட்டத்தைத் திருப்பிவிடுகிறார்கள். காவலைப் பெரிதாக்கினால் சிக்னலின் வேகம் குறையும். அதனால் அதிவேகப் பின்களில் காவல் அளவோடுதான் இருக்கும். சில நூறு வோல்ட்டே சில சிப்புகளைக் காயப்படுத்திவிடும். நம் விரலுக்கோ எதுவும் தெரிந்திருக்காது.

படலம் முழுசாகக் கிழிந்தால் சர்வர் அப்போதே கிளம்பாது, சங்கதி தெரிந்துவிடும். அரைகுறைக் காயம் என்றால் வேலை செய்யும், கசிவு மெல்லக் கூடும், மூன்று வாரம் கழித்து ஒரு நள்ளிரவில் மெமரி எரர் வரும். தொட்டதற்கும் கெட்டதற்கும் நடுவே விழும் அந்த இடைவெளியில்தான் ‘ராசி’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேலை கற்கிற பிள்ளையை ஒதுக்கிவைக்கும் இந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பல லட்சத்துக்குச் சர்வர் வாங்கிவிட்டு, சில நூறு ரூபாய் மணிக்கட்டுப் பட்டையை வாங்கித் தராத நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பட்டையின் ஒயரில் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். உடம்பின் மின்னூட்டம் அதன் வழியே ஒரு மில்லி நொடிக்குள் வடிந்துவிடும். தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் அந்த ஒயர் வழியே கால் மில்லி ஆம்பியர்கூடப் போகாது. சிப்புக்கும் ஆளுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர்!

பட்டை தோலில் படிய வேண்டும். ராணிப்பேட்டையில் ஒருவர் முழுக்கைச் சட்டையின் மேல் கட்டிக்கொண்டு வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். அதில் பயனே இல்லை. பவர் கார்டைக் கழற்றிவிட்டு, பட்டை ஒயரின் கிளிப்பை சேசிஸில் (சர்வரின் உலோகக் கூட்டில்) பெயின்ட் இல்லாத இடத்தில் மாட்டுங்கள். உடம்பும் சர்வரும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிட்டால் பாய்வதற்கு ஒன்றும் இருக்காது. அப்புறம் புது ரேம் வந்த வெள்ளி நிறப் பையைப் பிரித்து, ரேமை ஓரத்தில் பிடித்து எடுங்கள். தங்க நிறப் பற்களில் விரல் படக்கூடாது. பைக்கு மேலே ரேமை வைக்காதீர்கள், பாதுகாப்பு பைக்கு உள்ளேதான். கழற்றிய பழைய ரேமையும் அதே பையில் போட்டுக் கொடுங்கள். எதனால் கெட்டது என்று சோதிக்கப் போகிறவர்களுக்கு அது இன்னொரு அடி வாங்காமல் போய்ச் சேர வேண்டும்.