வைட்டமின் டி குறைவும் பாப்பிலரி தைராய்டு புற்றுநோயும்: ரத்த அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய் உறுதியான பிறகு ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர், ஊசிவழித் திசுப் பரிசோதனை அறிக்கையோடு இன்னொரு தாளையும் எடுத்து நீட்டுகிறார்கள். அதில் வைட்டமின் டி அளவுக்கு நேரே ‘குறைவு’ என்று அச்சாகியிருக்கும். இது குறைந்ததால்தான் புற்றுநோய் வந்ததா, இப்போது மாத்திரையை அதிகமாக எடுத்துக்கொண்டால் கட்டி சுருங்குமா என்பவை அவர்கள் கேட்கும் கேள்விகள். இன்றுள்ள சான்றுகளின்படி முதல் கேள்விக்கு ‘அப்படிச் சொல்ல இடமில்லை’ என்பதும், இரண்டாவதற்கு ‘சுருங்காது’ என்பதுமே விடை. ஆனால் இக்கேள்விகளுக்குப் பின்னால் உண்மையான உயிரியல் ஒன்று இருக்கிறது. அதை விளக்காமல் விடையை மட்டும் சொன்னால், நோயாளி வீடு திரும்பியதும் இணையத்தில் வேறொரு விடையைத் தேடிப் பிடித்துவிடுவார்.

தைராய்டு புற்றுநோய்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பாப்பிலரி வகையைச் சேர்ந்தவை. ஆண்களைக் காட்டிலும் பெண்களிடம் இது சுமார் மூன்று மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது வழக்கம் என்றாலும், பெரும்பாலோரிடம் மெதுவாகவே வளரும்; முறையான சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பல பத்தாண்டுகள் நலமாக வாழ்கிறார்கள்.

இந்தப் புற்றுநோயின் மூலக்கூறு அடிப்படை, மற்றப் பல புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கிக்கொள்ளப்பட்ட ஒன்று. இயல்பான தைராய்டு செல்லின் மேற்பரப்பில் வளர்ச்சிக் காரணி ஒன்று வந்து பொருந்தும்போது, அந்தச் செய்தி ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்களின் வழியாக, ஒன்று அடுத்ததைத் தூண்டிவிட, செல்லின் உட்கருவைச் சென்றடைகிறது. தேவை முடிந்ததும் அந்தத் தொடர் அடங்கிவிடுகிறது. பாப்பிலரி புற்றுநோயில் இத்தொடரின் ஏதோ ஒரு கண்ணி அடங்க மறுக்கிறது. ராஃப் குடும்பத்தைச் சேர்ந்த பிராஃப் புரதத்தின் 600ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் குளூட்டாமிக் அமிலம் அமர்ந்துவிடும் வி600இ பிறழ்வுதான் மிகுதியாகக் காணப்படுவது. ஏறத்தாழ 500 பாப்பிலரி கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2014இல் வெளியான அமெரிக்கப் பெருந்திட்டம், சுமார் 60 விழுக்காடு கட்டிகளில் பிராஃப் பிறழ்வு இருப்பதைக் காட்டியது. ராஸ் பிறழ்வும், ரெட் மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் ரெட் இணைவும் அதைவிடக் குறைந்த விகிதத்தில் உள்ளன. 1986ஆம் ஆண்டின் செர்னோபில் அணுஉலை விபத்துக்குப் பிறகு குழந்தைகளிடம் தோன்றிய தைராய்டு புற்றுநோய்களில் ரெட் இணைவு மிகுதியாகக் காணப்பட்டது. ஒரு கட்டியில் இவற்றுள் ஒன்று இருந்தால் மற்றவை பெரும்பாலும் இருப்பதில்லை. தொடரை ஓயாமல் ஓடவைக்க ஒரு கோளாறே போதும் என்பதே அதற்குக் காரணம்.

பிராஃப் பிறழ்வின் விளைவு செல் பெருக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. ரத்தத்திலிருந்து அயோடினைச் செல்லுக்குள் இழுக்கும் சோடியம்-அயோடைடு கடத்திப் புரதத்தின் உற்பத்தியையும் அது குறைக்கிறது. கதிரியக்க அயோடின் சிகிச்சை சிலரிடம் எதிர்பார்த்த பலனைத் தராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இத்தொடருக்கு இணையாக, பிஐ3கே, ஏகேடி என்ற புரதங்களின் பாதையும் செல்லைச் சாகவிடாமல் காக்கிறது. நோய் முற்றிய நிலையில் அதன் பங்கு கூடுகிறது.

இனி வைட்டமின் டியைப் பார்ப்போம். சூரிய ஒளியின் புறஊதா பி கதிர்கள் தோலில் உள்ள 7-டிஹைட்ரோகொலஸ்ட்ராலின்மீது படும்போது உருவாகும் இப்பொருள், கல்லீரலில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டியாக மாறுகிறது. ஆய்வகங்கள் அளந்து தருவது இந்த இடைநிலை வடிவத்தைத்தான். சிறுநீரகத்தில் உள்ள 1-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி அதைக் கால்சிட்ரியாலாக மாற்றிய பிறகே அது ஹார்மோனாகச் செயல்படத் தொடங்குகிறது. செல்லுக்குள் நுழையும் கால்சிட்ரியால், வைட்டமின் டி ஏற்பி என்ற புரதத்தோடு பிணைகிறது; அந்த ஏற்பி ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு ஏற்பியோடு இணை சேர்ந்து டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, நூற்றுக்கணக்கான மரபணுக்களின் செயல்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. வேலை முடிந்த கால்சிட்ரியாலைச் சிதைக்க, சிஒய்பி24ஏ1 என்ற மற்றொரு நொதி இருக்கிறது.

இவ்விரண்டு கதைகளும் சந்திக்கும் இடம் தைராய்டு செல். வைட்டமின் டி ஏற்பி தைராய்டு செல்களிலும் உண்டு. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட தைராய்டு புற்றுநோய்ச் செல்களுக்குக் கால்சிட்ரியால் கொடுத்தபோது, செல் பிரிவுக்குத் தடைபோடும் பி27 என்ற புரதம் உட்கருவில் சேர்வதும், ஏகேடி பாதையின் வேகம் தணிவதும், செல்கள் பிரிவின் முதற்கட்டத்திலேயே நின்றுவிடுவதும் காணப்பட்டன. புற்றுநோய் புகுத்தப்பட்ட எலிகளில் கட்டியின் அளவு குறைந்ததும் பதிவாகியுள்ளது. ஆகவே, வைட்டமின் டிக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் தொடர்பே இல்லை என்று தள்ளிவிட முடியாது.

என்றாலும், கட்டியிலிருந்து நேரடியாக எடுத்த திசுக்கள் இன்னும் சிக்கலான ஒரு நிலையைக் காட்டுகின்றன. வைட்டமின் டி ஏற்பியும், கால்சிட்ரியாலை உருவாக்கும் நொதியும், அதைச் சிதைக்கும் நொதியும் ஆகிய மூன்றுமே இயல்பான திசுவைவிடப் பாப்பிலரி கட்டியில் கூடுதலாக வெளிப்படுவதைத் திசு ஆய்வுகள் கண்டுள்ளன. பரவிய நோயிலும், தைராய்டு புற்றுநோய்களிலேயே கொடியதான அனாபிளாஸ்டிக் வகையிலும் அந்த ஏற்பி குறைகிறது அல்லது மறைந்தேபோகிறது. கட்டி தனக்கு வேண்டிய கால்சிட்ரியாலைத் தானே உருவாக்கவும் தானே அழிக்கவும் வல்லது என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படியானால், ரத்தத்தில் அளக்கும் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி அளவைக்கொண்டு கட்டிக்குள் அந்தச் சமிக்ஞை எவ்வளவு வலுவாக ஒலிக்கிறது என்று கணிக்க முடியாது. வைட்டமின் டி குறித்து எழுதப்படும் பெரும்பாலான செய்திகள் கவனிக்காமல் தாண்டிச் செல்லும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

செறிவு பற்றிய சிக்கலும் இருக்கிறது. மனித ரத்தத்தில் கால்சிட்ரியாலின் அளவு ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 முதல் 60 பிகோகிராம். அதாவது, செறிவை அளக்கும் நானோமோலார் என்ற அலகில், ஏறத்தாழ 0.1. செல் வளர்ப்பு ஆய்வுகளில் பயன்படுத்தப்படுவதோ பெரும்பாலும் 10 முதல் 100 நானோமோலார் வரை, அதாவது நூறு மடங்கிலிருந்து ஆயிரம் மடங்கு. அந்தச் செறிவை உயிருள்ள மனிதரிடம் எட்ட முயன்றால், கட்டியின்மீது எந்த விளைவும் தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். கால்சியத்தை அதிகம் உயர்த்தாத மாற்று மூலக்கூறுகளைத் தேடும் முயற்சிகள் நடந்துள்ளன. அவற்றுள் சில சொரியாசிஸ் நோய்க்கும் சிறுநீரகச் செயலிழப்போடு வரும் பாராதைராய்டு சுரப்பிகளின் மிகைச் செயல்பாட்டுக்கும் மருந்தாகியிருக்கின்றன. தைராய்டு புற்றுநோய்க்கு எதுவும் மருந்தாகவில்லை.

மக்களிடையே நடந்த ஆய்வுகளைப் பார்த்தால், தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களிடம் வைட்டமின் டி சற்றுக் குறைவாக இருப்பதாகச் சிலவும், வேறுபாடு இல்லை என்று சிலவும் சொல்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை நோய் கண்டறியப்பட்ட பிறகு எடுத்த ரத்தத்தை வைத்துச் செய்யப்பட்டவை. குறைவு முந்தியதா நோய் முந்தியதா என்பதை அவற்றால் பிரித்தறிய முடியாது. உடல் பருமன் உள்ளவர்களிடம் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாகக் காணப்படும். தைராய்டு புற்றுநோயும் பருமனோடு தொடர்புடையதுதான். எனவே இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அடிக்கடி முழு உடல் பரிசோதனை செய்துகொள்பவர்களுக்கு வைட்டமின் டியும் அளக்கப்படுகிறது, கழுத்தில் அல்ட்ராசவுண்டும் எடுக்கப்படுகிறது. தென்கொரியாவில் இத்தகைய அல்ட்ராசவுண்ட் பரவலானபோது, 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய்க் கண்டறிதல் 15 மடங்கானது. அதனால் இறப்பவர்கள் எண்ணிக்கையோ மாறவில்லை. தேடினால் கிடைக்கும் நோயைப் பற்றிய எந்தப் புள்ளிவிவரத்தையும், யார் தேடினார்கள் என்று கேட்காமல் ஏற்கக் கூடாது.

காரணத்தைச் சோதிக்கும் வழி, குலுக்கல் முறையில் மக்களைப் பிரித்து ஒரு சாராருக்கு மாத்திரையும் மறுசாராருக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பல ஆண்டுகள் தொடர்வதுதான். அமெரிக்காவின் வைட்டல் ஆய்வில் 25,871 பேர் பங்கேற்றனர். தினமும் 2000 யூனிட் வைட்டமின் டி எடுத்துக்கொண்டவர்களிடம், ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், புற்றுநோய் வருவது குறையவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தபோது புற்றுநோய் இறப்புகள் ஓரளவு குறைந்ததாகத் தோன்றியது. ஆனால் மாதம் ஒருமுறை 60,000 யூனிட் கொடுத்த ஆஸ்திரேலிய டி-ஹெல்த் ஆய்வில் அந்தப் பயன் தென்படவில்லை. இரண்டும் தைராய்டு புற்றுநோயைத் தனியே ஆராய வகுக்கப்பட்டவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முற்றிய நோயில் சிகிச்சையைத் தீர்மானிப்பது கட்டியின் மரபணு அறிக்கைதான். பிராஃப் வி600இ இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் ஆகிய மருந்துகளையும், ரெட் இணைவு இருந்தால் செல்பெர்காட்டினிப் மருந்தையும் கருதலாம். தொடக்கநிலையில் உள்ள பெரும்பாலோருக்கு இவை எதுவும் தேவைப்படுவதில்லை.

அப்படியானால் வைட்டமின் டியைப் பொருட்படுத்தவே வேண்டாமா? பொருட்படுத்த வேண்டும், ஆனால் அதற்கான காரணம் வேறு. தைராய்டின் பின்புறத்தில், பெரும்பாலும் நான்காக, சிறு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. தைராய்டை முழுமையாக அகற்றும் அறுவையின்போது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும், அவற்றின் ரத்த ஓட்டம் சில நாட்களுக்குக் குன்றலாம். பாராதைராய்டு ஹார்மோன் குறைந்தால் சிறுநீரகத்தில் கால்சிட்ரியால் உருவாவதும் குறைகிறது. அதன் விளைவாக, அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் கால்சியம் இறங்கி, உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரமரப்பும், கைகால்களில் தசைப்பிடிப்பும் தோன்றுகின்றன. ஏற்கெனவே வைட்டமின் டி மிகவும் குறைந்திருப்பவரிடம் இந்த இறக்கம் கடுமையாகலாம். அறுவைக்கு முன்பே அளவைப் பார்த்துக் குறைவைச் சரிசெய்வதற்கு இதுவே காரணம். கால்சியம் இறங்கிய பிறகு சாதாரண வைட்டமின் டி மாத்திரையை மட்டும் நம்பியிருக்க முடியாது. அதைச் செயல்வடிவத்துக்கு மாற்றும் சிறுநீரகப் படியே அப்போது தளர்ந்திருப்பதால், கால்சிட்ரியாலை நேரடியாகக் கொடுக்கிறோம். பாராதைராய்டு சுரப்பிகள் மீண்டதும் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம்.

எலும்பு இரண்டாவது காரணம். புற்றுநோய் மீண்டும் வரும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் அளவைத் தாழ்த்திவைக்க, லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை சற்றுக் கூடுதலாகத் தரப்படுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது நீண்ட காலம் தொடர்ந்தால் எலும்பின் அடர்த்தி குறையும். அவர்களுக்குப் போதுமான வைட்டமின் டியும் கால்சியமும் அவசியம். கால்சியம் மாத்திரையை லெவோதைராக்சினோடு சேர்த்து விழுங்கினால் பின்னது சரியாக உறிஞ்சப்படாது. இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

‘போதுமானது’ எவ்வளவு என்பதிலும் மிகைப்படுத்தல் நிறைய இருக்கிறது. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அறிவியல் அமைப்பு 2011இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ரத்தத்தில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தாலே ஏறத்தாழ எல்லோருடைய எலும்புத் தேவையும் நிறைவேறும். பெரியவர்கள் அன்றாடம் எடுப்பதற்கு 4000 யூனிட்டை மேல்வரம்பாகவும் அது வைத்தது. வாரம் ஒருமுறை எடுக்க எழுதித் தரும் உயர் அளவு மாத்திரையை, புற்றுநோய் பற்றிய அச்சத்தில், தினமும் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ரத்த அளவு மில்லிலிட்டருக்கு 150 நானோகிராமைக் கடந்தால் நச்சுநிலை ஏற்படலாம்: தாங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, குழப்பம், பிறகு சிறுநீரகப் பாதிப்பு. அறுவைக்குப் பின் கால்சிட்ரியாலும் கால்சியமும் எடுத்துக்கொண்டிருப்பவர், அவற்றோடு கடையில் தாமாக வாங்கிய வைட்டமின் டியையும் சேர்த்துக்கொண்டால் இந்நிலைக்கு விரைவில் வந்துவிடலாம்.

ஆகவே, பின்தொடர் பரிசோதனைக்கு வரும்போது எடுத்துக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரைகளையும் உறையோடு கொண்டுவரச் சொல்கிறேன். பல கூட்டு வைட்டமின் மாத்திரைகளில் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் மிகுதியாக இருக்கும். அது டிஎஸ்ஹெச், நோய் மீண்டும் வந்துள்ளதா என்று அறிய அளக்கும் தைரோகுளோபுலின் புரதம் ஆகியவற்றின் ஆய்வக அளவீட்டையே பொய்யாக்கக்கூடும் என்பதால், ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பாவது அதை நிறுத்தியிருக்க வேண்டும்.