ஸ்லூஷானியா: காது கொடுப்பதா, கருத்துக் கேட்பதா?

ரஷ்ய நகரமைப்புச் செய்திகளைப் படிப்பவர்கள் ‘புப்ளீச்னியே ஸ்லூஷானியா’ என்ற தொடரைத் தாண்டிப் போகவே முடியாது. நகரத் திட்டங்கள் பற்றி மக்களின் கருத்தைக் கேட்க நடத்தும் கூட்டங்களுக்கு அங்கே அதுதான் பெயர். புப்ளீச்னியே என்றால் பொது. ஸ்லூஷானியா ‘கேள்’ என்னும் வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல். நீதிமன்றத்தில் வழக்கு கேட்பதற்கும் இதே சொல்தான். நம் காதில் அந்நியமாக விழுந்தாலும் தூரத்து உறவு உண்டு: வடமொழியில் ‘சுருதி’ பிறந்த அதே வேர்தான் இதற்கும்.

ஊர் விவகாரத்தில் மக்களுக்குப் பங்கு உண்டு என்று சொல்ல ரஷ்யர்கள் முன்பு வைத்திருந்த சொற்கள் கேட்பதைப் பற்றியவை அல்ல, பேசுவதைப் பற்றியவை. பழைய ரஷ்ய நகரமான நோவ்கரதில் கூடிய மக்கள் மன்றத்துக்கு ‘வேச்சே’ என்று பெயர். அதன் வேர் பேச்சு. 1478இல் மாஸ்கோவின் ஆட்சியாளர் மூன்றாம் இவான் அந்த ஊரை அடக்கியபோது, மன்றத்தின் மணியையே கழற்றி மாஸ்கோவுக்குக் கொண்டுபோய்விட்டார். நமக்கு நாட்டின் பெயராகப் பழகிப்போன ‘சோவியத்’தும் அதே வேர்தான்: கூடிப் பேசுதல்.

ஆனால் சோவியத் காலத்து நகரத் திட்டம் யாரிடமும் பேசிக்கொண்டிருக்கவில்லை. 1935இல் மாஸ்கோவுக்கான பொதுத்திட்டம் மேலிருந்து வந்தது. அங்கே கோர்க்கி தெருவை அகலப்படுத்தியபோது, பல மாடிக் கட்டடங்களை அடித்தளத்திலிருந்து அறுத்து, தண்டவாளத்தின் மேல் உருட்டிப் பின்னால் தள்ளினார்கள். சில கட்டடங்களில் குடியிருந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள்! பொறியியலாக அது அற்புதம்தான். ஆனால், வீட்டோடு சேர்த்து ஆளையும் நகர்த்துவதற்குக் கருத்துக்கேட்பு என்று பெயரில்லை.

2004இன் நகரமைப்புச் சட்டத் தொகுப்பு இந்தக் கேட்பை முக்கியமான திட்டங்களுக்குக் கட்டாயமாக்கியது. சரி, கேட்டபின்? முடிவு வெறும் பரிந்துரைதான். இங்கேதான் சொல்லின் விளையாட்டு. ரஷ்ய மொழியில் ‘ஸ்லூஷத்’ என்றால் கேள்; கூட ஒரு விகுதி சேர்த்து ‘ஸ்லூஷத்ஸா’ என்றால் கீழ்ப்படி. தமிழில் விகுதியே வேண்டாம். “சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறான்” என்றால் காது மந்தம் என்றா பொருள்? சட்டம் முதல் பொருளோடு நின்றுகொண்டது.

இரண்டாம் பொருள் பெரும்பாலும் தெருவில்தான் கிடைத்தது. சாங்க்ட் பீட்டர்ஸ்பர்கில், நேவா ஆற்றங்கரையில் உள்ள ஸ்மோல்னி தேவாலயத்துக்கு எதிர்க்கரையில் சுமார் 400 மீட்டர் உயர ஓக்தா கோபுரம் எழுப்பத் திட்டமிட்டார்கள். 2009 செப்டம்பரில் கேட்புக் கூட்டமும் நடந்தது. எதிர்ப்பைத் தாண்டி அனுமதியும் வந்தது. போராட்டம் ஓயவில்லை. 2010 டிசம்பரில் அந்த இடம் கைவிடப்பட்டு, கோபுரம் நகரின் ஓரத்திலுள்ள லாஹ்தாவுக்குப் போனது. அங்கே 462 மீட்டராக வளர்ந்தது வேறு கதை. 2019இல் யெக்கத்தெரின்பர்க் நகரத்துப் பூங்கா ஒன்றில் தேவாலயம் கட்டப் போட்ட வேலியை மக்கள் சாய்த்த பிறகே கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். 74 சதவீதம் பேர் அந்த இடம் வேண்டாம் என்றார்கள்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? சில செய்திகளில் வரும் ‘பொது விசாரணை’ எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ குற்றம் செய்தாற்போல் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகளில் ஏற்கெனவே புழங்கும் ‘பொதுமக்கள் கருத்துக்கேட்பு’ நன்றாகப் பொருந்தும். எதைக் கேட்கிறார்கள் என்பதை அது சொல்லிவிடுகிறது, மூலச்சொல் சொல்வதில்லை. 2017 இறுதியில் வந்த சட்டத்திருத்தம் ‘அப்சுஷ்தேனியா’ என்னும் மாற்று வழியையும் சேர்த்தது. அதில் மக்கள் அரங்கில் கூட வேண்டியதில்லை, இணையத்தில் கருத்தை எழுதிப் பதிந்தால் போதும். அகராதிப்படி அது ‘கலந்துரையாடல்’. நான் ‘கருத்துப்பதிவு’ என்றே எழுதுவேன்.